நெற்றி தரையைத் தொட்ட நாள்

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் இரண்டாவது சஃப்பில், வலக்கோடியில், ஒரு நாற்காலி கிடந்தது. பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலி, கைப்பிடி இல்லாதது. கைப்பிடியுள்ள நாற்காலிக்குள் என் உடல் அடங்காது என்பதால் மோதினார் தேடிப்பிடித்து வாங்கிவந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அதில் அமர்ந்தே நான் தொழுதேன். முதியவர்கள் நாற்காலியில் தொழுவதை யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. ஆனால் நாற்பது வயதைக்கூட எட்டாத ஒருவன், அதிலும் பிள்ளைகளுக்குத் தொழுகை முறை கற்றுக்கொடுக்கும் உஸ்தாத், நாற்காலியில் அமர்ந்து தலையை மட்டும் தாழ்த்தி ஸுஜூது செய்வதைப் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அப்போது என் எடை 146 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். மருத்துவர்கள் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண் 51ஐத் தாண்டியிருந்தது. 40ஐத் தாண்டினாலே கடும் உடற்பருமன் என்று நூல்கள் கூறுகின்றன.

வாசகப் பெருமக்களே! இந்த உடலின் கதையை நான்கு ஆண்டுகளாக எழுத எண்ணி, எழுதாமலே இருந்துவிட்டேன். வெட்கந்தான் காரணம். ஆனால் சென்ற மாதம் ஒரு சகோதரர் என்னைத் தனியே அழைத்து, தம் மகளின் எடையைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார். இரண்டு மணி நேரம் பேசியபின், இதை அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையன்று என்று தோன்றியது.

வகுப்பறையில் ஒரு சிரிப்பு

எங்கள் மதரஸாவில் சிறுவர்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுப்பவன் நான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற கருத்தமைந்த நபிமொழி அப்பாடத்தில் வரும். ஆண்டுதோறும் அந்தப் பக்கம் நெருங்கும்போதே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஓர் ஆண்டு, நான் விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. மற்றவர்கள் தலையைக் குனிந்து அடக்கிக்கொண்டார்கள். யார் சிரித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எதற்காகச் சிரித்தாய் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

அந்த வகுப்பில் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் இருந்தான். அவனும் பருத்த உடல்வாகு உடையவன். மற்ற பிள்ளைகள் அவனை “யானை” என்றே அழைத்தார்கள். என் காதில் அது விழுந்துகொண்டேதான் இருந்தது. அவர்களை நான் ஒருநாளும் கண்டிக்கவில்லை. கண்டிக்கப் போனால் அந்தப் பேச்சு என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற அச்சம். ஓர் ஆசிரியன் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் மாணவனைக் கைவிட்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவனைப் பற்றி மீண்டும் சொல்கிறேன்.

நான் முயலாமல் இருந்தேன் என்று எண்ண வேண்டாம். சோற்றை விட்டேன், சுப்ஹுக்குப் பிறகு கடற்கரையில் நடந்தேன், நாட்டு மருந்து குடித்தேன். 2016ஆம் ஆண்டில் ஏழு மாதம் பாடுபட்டு 14 கிலோ குறைத்தேன். அடுத்த ஓராண்டுக்குள் 18 கிலோ ஏறியது. “வாயைக் கட்டத் தெரியாதவன்” என்று பிறர் சொல்லுமுன் நானே என்னைச் சொல்லிக்கொண்டேன்.

பின்னாளில் ஒரு மருத்துவர்தான் இதை விளக்கினார். எடை குறையத் தொடங்கியதும் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறதாம். பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. இரைப்பையில் பெருமளவு சுரக்கும் ‘கிரெலின்’ என்ற பசி ஹார்மோனை 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உணவைக் குறைத்து மெலிந்தவருக்கு அது கூடுதலாகச் சுரக்கிறது. “உங்களுக்கு மன உறுதி இல்லை என்பதன்று, இழந்த எடையை மீட்க உங்கள் உடல் உங்களோடு போராடுகிறது” என்றார் அவர். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கேட்டதும் கிடைத்ததும்

அறுவை சிகிச்சைக்கு என்னைத் தள்ளியது முழங்கால் வலியன்று, சர்க்கரை நோயுமன்று. உறக்கத்தில் என் மூச்சு அடிக்கடி தடைபட்டு நின்றுவிடும். முகமூடி போன்ற ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உறங்கும்படி சொல்லியிருந்தார்கள். அது நழுவிவிடும். ஓர் இரவு விழித்துப் பார்த்தபோது என் மனைவி விளக்கைப் போடாமல் கட்டிலோரம் அமர்ந்திருந்தாள்.

“ஏன் தூங்கல?” என்றேன்.

“ராவெல்லாம் உங்க மூச்சு நிக்குதா ஓடுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன் மச்சான். எத்தன வருஷமா இப்படித்தான்” என்றாள்.

எத்தனை ஆண்டுகளாக என்பது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

செய்தி கசிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. உடன் பணிபுரியும் ஆலிம் ஒருவர், “நஃபில் நோன்பு வைத்தால் குறையாதா? அல்லாஹ் படைத்த இரைப்பையைக் கத்தி வைத்து மாற்றலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. எனக்கு ஓதிக்கொடுத்த முதிய ஹஜ்ரத்தைத் தேடிச் சென்றேன். எல்லாவற்றையும் கேட்டபின் அவர்கள் ஒன்றே கேட்டார்கள்: “இது வைத்தியமா, அலங்காரமா?”

“வைத்தியந்தான், ஹஜ்ரத்.”

“நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் இது. மற்றதை வைத்தியரிடம் கேள். என்னிடம் துஆவைக் கேள்.”

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். எதையும் அதன் தொடக்கத்திலிருந்து அறிய விரும்புவது என் பழக்கம். இந்தச் சிகிச்சையின் கதையையும் தேடிப் படித்தேன். புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கப்பெற்றவர்கள் மெலிந்துபோவதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் கவனித்தார். அதனையே பருமனுக்கு மருந்தாக்கினால் என்ன என்று எண்ணி, சிகாஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் முதல் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைச் செய்தார். வயிற்றை நீளக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே செய்யும் முறை 1990களில் வந்தது. குறியீட்டெண் 40க்கு மேலிருந்தால், அல்லது கடும் துணைநோய்களோடு 35க்கு மேலிருந்தால் இதனைச் செய்யலாம் என்று 1991ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகள் அந்த அளவைத் தளர்த்தின. நம் போன்ற ஆசிய மக்களுக்கு இன்னும் குறைந்த எடையிலேயே கேடு தொடங்குவதால் வரம்பும் குறைவாக இருக்க வேண்டும் என்றன.

2021 செப்டம்பரில் எனக்குச் சிகிச்சை நடந்தது. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை கொள்ளும் அளவுக்குச் சிறு பை அமைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியை அதனோடு நேரடியாக இணைத்தார்கள். மீதி இரைப்பை உடலுக்குள்ளேயே இருக்கும். உணவு அதன் வழியே செல்லாது. செலவுக்கு மனைவியின் வளையல்களும் மச்சினனின் சேமிப்பும் போயின. அந்தக் கடனில் பாதியை இன்னும் அடைத்துவருகிறேன்.

குனிதல், மண்டியிடுதல்

சிகிச்சைக்கு முன்பு மருத்துவமனையில் 36 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தந்தார்கள். வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் படிவம் அது. மாடிப்படி ஏற முடிகிறதா, வலி எவ்வளவு, மனம் சோர்ந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். அதில் ஒரு கேள்வி, குனிவதற்கும் மண்டியிடுவதற்கும் எவ்வளவு தடை இருக்கிறது என்பது. மற்றவற்றை வேகமாக நிரப்பிய என் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. ‘மிகுந்த தடை உள்ளது’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். படிவத்தை எழுதிய அந்நிய நாட்டார் தொழுகையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அது தொழுகையைப் பற்றிய கேள்வியாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். பின்பு மசித்த உணவு. அதன்பின் மென்மையான உணவு. எடை கரைந்தது. சர்க்கரைக்குப் போட்டுவந்த ஊசியை இரண்டாம் மாதமே நிறுத்தினார்கள். மூச்சுக் கருவி அலமாரிக்குப் போனது. என் மனைவி இரவில் உறங்கத் தொடங்கினாள். அவள் குறட்டை விடுவாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

2022 ஜனவரியில் எடை 112 கிலோவாக இருந்தது. ஒரு நாள் சுப்ஹுத் தொழுகையில் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு நின்றேன். ருகூஉ எளிதாக இருந்தது. ஸுஜூதுக்குப் போகும்போது முழங்கால்கள் நடுங்கின. கைகளை ஊன்றினேன். நெற்றி பாயைத் தொட்டது. பழைய கோரைப்பாயின் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தையே நான் மறந்துபோயிருந்தேன். இமாம் அடுத்த தக்பீர் சொல்லும்வரை என்ன ஓதினேன் என்பது நினைவில்லை. தொழுகை முடிந்து திரும்பியபோது மோதினார் ஒன்றும் பேசாமல் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாற்காலியில் தொழுத ஆறாண்டுத் தொழுகை குறைவுடையது என்று நான் சொல்லவில்லை. முடியாதவனுக்கு மார்க்கம் தந்த சலுகை அது. ஆனாலும் என் மனம் அன்றுதான் நிறைந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

இவ்வளவோடு நிறுத்தினால் நான் உண்மையில் பாதியை மறைத்தவன் ஆவேன். நான்காம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. ஓராண்டுக்குள் பெரும்பாலும் முளைத்துவிட்டது. வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்குகிறது. மடிப்புகளில் வியர்த்துப் புண்ணாகிறது. அதனைச் சரிசெய்ய வேறோர் அறுவை வேண்டும், அதற்கு வசதியில்லை. வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம், பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனையும் விடாமல் செய்ய வேண்டும். குடலை மாற்றி அமைத்த உடல் சத்துகளை முழுமையாக உறிஞ்சுவதில்லை. தலைவலிக்கும் கைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் பல எனக்கு ஆகா, புண் உண்டாக்கிவிடும்.

ஒரு திருமணத்தில் வட்டலப்பம் வைத்தார்கள். நாலைந்து கரண்டி ஆசையோடு விழுங்கிவிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, உடல் வியர்த்து, கண் இருண்டது. பந்தலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். இனிப்பு விரைந்து குடலுக்குள் கொட்டுவதால் வரும் கேடு அது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கடினமாக இருந்தது சஹன் சாப்பாடு. எங்கள் கடற்கரை ஊர்களில் விருந்தென்றால் மூவர் சேர்ந்து ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம். நெய்ச்சோற்றின் நடுவே கறி. ஒருவர் நல்ல துண்டை எடுத்து மற்றவர் பக்கம் தள்ளுவார். அன்பு கைமாறுவது அந்தத் தட்டில்தான். எனக்கோ நாலு கவளத்தில் நெஞ்சு அடைத்துவிடும். நான் கையை எடுத்துவிட்டால் மற்ற இருவரும் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். சில மாதங்கள் விருந்துகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பின்னர் ஒரு வழி கண்டேன். நன்றாக உண்ணும் இரண்டு இளைஞர்களோடு அமர்வேன். முதலில் கறித்துண்டை மட்டும் எடுத்து நீண்ட நேரம் மெல்வேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். தட்டு காலியாகும்வரை என் கை தட்டிலேயே இருக்கும்.

உம்மாவுக்கு மட்டும் எந்த வழியும் செல்லவில்லை. எண்பதை நெருங்கும் வயதில் அடுப்படியில் நின்று இடியாப்பமும் கறியும் செய்துவைத்து, நான் ஒன்றரை இடியாப்பத்தோடு எழுவதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “எங்கையால திங்கிற பாக்கியம் இல்லாம போச்சே வாப்பா” என்றார்கள். இப்போது நான் உம்மா வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போவதில்லை. அஸருக்குப் பின் போய்க் கால்பிடித்துவிட்டு வருகிறேன். அது ஈடாகுமா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

2022 ரமளானில் நோன்பு வைக்கக் கூடாதென்று மருத்துவர் தடுத்துவிட்டார். நீரும் புரதமும் சிறுகச் சிறுக நாள் முழுவதும் போய்க்கொண்டிருக்க வேண்டிய காலம் அது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடித்தேன். ஒருநாள் என் சின்ன மகன் கதவைத் திறந்துவிட்டான். “வாப்பா, நீங்க நோன்பில்லையா?” என்று கேட்டான். நோயாளி வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற இறைவசனத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியவன், என் மகனுக்கு விளக்கும்போது குரல் தடுமாறினேன். மறுநாள் முதல் கதவைச் சாத்தவில்லை. சலுகையை ஒளித்துப் பயன்படுத்தினால் அது குற்றம் என்றல்லவா அவன் கற்றுக்கொள்வான்!

2023 ரமளானில் மருத்துவரின் இசைவோடு எல்லா நோன்பையும் நோற்றேன். ஸஹரில் முதலில் முட்டை. இஃப்தாரில் ஒரு பேரீத்தம்பழம், சிறு கோப்பைக் கஞ்சி. இடைப்பட்ட இரவெல்லாம் மிடறு மிடறாகத் தண்ணீர். விட்டுப்போன 30 நோன்புகளையும் அடுத்துவந்த குளிர்காலக் குறும்பகல்களில் கழாச் செய்து முடித்தேன்.

அதே மனிதன்

எடை 90க்குக் கீழ் வந்தபின் ஒன்றைக் கவனித்தேன். கூட்டங்களில் என்னைப் பேச அழைத்தார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் முகம் சுளிக்காமல் அமர்ந்தார்கள். ஆலோசனைக் குழுவில் என் கருத்தைக் கேட்டார்கள். நான் ஓதியதும் கற்றதும் 146 கிலோவிலும் அவையே. மகிழ வேண்டிய இடத்தில் எனக்குச் சினம் வந்தது. பழைய அந்த மனிதனுக்காக யாரும் இரங்கவில்லையே என்று அழுதும் இருக்கிறேன். பிறகுதான் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் நினைவுக்கு வந்தான். நான் மட்டும் யாருக்கு இரங்கினேன்?

அவன் அப்போது மேல்வகுப்புக்குப் போயிருந்தான். அழைத்து அருகில் அமர்த்தி, “அவங்க உன்ன அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டப்போ நான் கேட்டுக்கிட்டும் சும்மா இருந்தேன். தப்பு என்னுடையது. மன்னிச்சிடு” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவால்ல உஸ்தாத், நீங்களும் பாவம்தானே” என்றான். இன்று எங்கள் மதரஸாவில் எந்தப் பிள்ளையையும் உடலைச் சொல்லி அழைக்க விடுவதில்லை. பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் இறைவசனம் அந்நாளிலும் பாடத்தில் இருந்தது, நான்தான் நடைமுறைப்படுத்தவில்லை.

ஸ்வீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார்கள். அறுவை செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளாதவர்களுமாக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பருமனானவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைந்தது. வாழ்க்கைத் தரத்தைப் பற்றி அவர்கள் கண்டது இன்னும் சிந்திக்கத்தக்கது. முதலாண்டில் அது உச்சத்தைத் தொடுகிறது. பிறகு ஆறாம் ஆண்டுவரை, எடை சற்று ஏற ஏற, மெல்ல இறங்குகிறது. அதன்பின் ஒரு நிலையில் நிற்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் பழைய நிலையைவிட மேலாகவே இருக்கிறது. ஆனால் முதலாண்டின் உச்சத்தில் இல்லை.

88 கிலோவைத் தொட்ட நான் இப்போது 94 கிலோ. எடை 90ஐத் தாண்டிய காலையில் எடைப்பொறியிலிருந்து இறங்கவே அஞ்சினேன். பழைய நாற்காலி கண்முன் வந்தது. மருத்துவர் அந்த ஆய்வைச் சொல்லித்தான் என்னைத் தேற்றினார். இது பலரும் நடந்த பாதை என்று அறிந்தபின் அச்சம் அடங்கியது. நடையைக் கூட்டினேன், மாலைத் தேநீரோடு திரும்ப வந்திருந்த பிஸ்கட்டை நிறுத்தினேன். மூன்றாம் ஆண்டு அதே 36 கேள்விகளுக்கு விடையெழுதியபோது மனச்சோர்வு பற்றிய கேள்விகளில் முதலாண்டைவிடச் சற்றுக் குறைவான மதிப்பெண்ணே கிடைத்தது. குனிதல், மண்டியிடுதல் என்ற இடத்தில் மட்டும் ‘தடை இல்லை’ என்று தயங்காமல் குறியிட்டேன்.

என்னிடம் வந்த சகோதரருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த அறுவை எல்லார்க்கும் உரியதன்று, அழகுக்காகச் செய்வதன்று. தகுதி உடையவரா என்பதை நல்ல மருத்துவர் முடிவு செய்யட்டும். செய்தபின் மாத்திரையையும் பரிசோதனையையும் ஆயுள்வரை விடாதிருக்க முடியுமா என்று முன்கூட்டியே உங்களையும் குடும்பத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்யலாமா வேண்டாமா என்பது பின்னர் ஆகட்டும். முதலில் உங்கள் மகளை வீட்டில் யாரும் எந்தப் பெயரும் சொல்லி அழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மருத்துவரும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

அந்தப் பச்சை நாற்காலி இன்னும் எங்கள் பள்ளிவாசலில் இருக்கிறது. இடுப்பு முறிந்த பெரியவர் ஒருவர் இப்போது அதில் அமர்ந்து தொழுகிறார். தொழுகை முடிந்ததும் அவர் எழுவதற்கு நான் கைகொடுக்கிறேன். சில நாள்களில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்குக் கெடச்ச ஷிஃபா எனக்கும் கெடைக்க துஆச் செய் வாப்பா” என்பார். செய்துவருகிறேன். நீங்களும் எனக்காக துஆச் செய்யுங்கள்.